தண்டம் விலையாகுமா?



வீதியிலே விரைந்து சென்றமைக்காக ஒருவர் தண்டப்பணம் செலுத்தினார் என்னும் செய்தி இன்று நமக்கு எவ்வித வியப்பையும் தருவதில்லை. மோட்டார் வண்டி உலகுக்குப் புதிதாயிருந்த காலத்திலோ அது பெருஞ் செய்தியாயிற்று. இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலே, 1896ஆம் ஆண்டு சனவரி மாதம், வோல்ட்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் தமது வண்டியைச் செலுத்திச் சென்றார். அக்காலச் சட்டப்படி ஊர் எல்லைக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேற் செல்லலாகாது. காவலர் ஒருவர் துவிச்சக்கரவண்டியில் ஏறி, ஏறக்குறைய 5 மைல் தூரம் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகக் குற்றத்துக்காக விதிக்கப்பட்ட தண்டம் ஒரு சிலிங். வழக்குச் செலவு வேறு.

அந்த ஒரு சிலிங்கிலிருந்து இன்றுவரை, வேகத்துக்குத் தண்டம் விதிக்காத நாடு அரிது. ஆயினும் தண்டம் எவ்வளவாக இருத்தல் வேண்டும், அது எல்லார்க்கும் ஒரே தொகையாக இருத்தல் நீதியா என்னும் வினாக்கள் இன்னமும் தீர்ந்தபாடில்லை. அவற்றைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

முதலிலே, வேகம் ஏன் குற்றமாகிறது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். "நான் எவரையும் மோதவில்லையே, எனக்கேன் தண்டம்?" என்று கேட்பவர் பலர். இவ்வினாவுக்கு விடை கணக்கிலே இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 14 மீற்றர் செல்கிறது. 70 கிலோமீற்றர் வேகத்தில் வருவதோ 19 மீற்றருக்குச் சற்று மேற் செல்கிறது. வீதியிலே ஒரு குழந்தை ஓடி வருகிறது எனக் கொள்வோம். சாரதியின் கண் அதனைக் கண்டு, கால் தடுப்பை மிதிப்பதற்கு ஒரு செக்கன் கழிகிறது. அதன் பின்னரே வண்டி வேகம் குறையத் தொடங்கும். ஈரமற்ற நல்ல வீதியில், நல்ல தடுப்புள்ள வண்டியாயின், 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்த கார் மொத்தம் 28 மீற்றர் அளவிலே நின்றுவிடும். 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்த கார் நிற்பதற்கு 46 மீற்றர் வேண்டும்.

இப்பொழுது அந்தக் குழந்தை 28 மீற்றருக்கு அப்பால் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். முதல் வண்டி குழந்தையின் முன்னே வந்து நின்றுவிடுகிறது. இரண்டாவது வண்டியோ அதே இடத்தை அடையும்போது இன்னமும் மணிக்கு 58 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது வண்டி முழு வலியோடு மோதுகிறது. வேகத்தில் இருந்த வேறுபாடு 20 கிலோமீற்றர் மாத்திரமே. விளைவில் உள்ள வேறுபாடோ உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வேறுபாடாகும்.

இவ்வளவு ஆபத்தையும் விலைகொடுத்துச் சாரதி பெறும் இலாபந்தான் யாது? 10 கிலோமீற்றர் தூரத்தை 50 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 12 நிமிடஞ் செல்லும்; 70 கிலோமீற்றர் வேகத்தில் எட்டரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடச் செல்லும். ஆதாயம் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. சந்தியிலே ஒரு சிவப்பு விளக்கு அதனையும் விழுங்கிவிடும். பதறாத காரியம் சிதறாது என்னும் நம் பழமொழி வீதிக்கென்றே பிறந்ததுபோலும்!

இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேற்பட்டோர் விபத்துக்களால் மடிகின்றனர். ஆகவே சட்டமும் தண்டமும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய தண்டம் என்பதே வினா.

திருவள்ளுவர் 'வெருவந்த செய்யாமை' என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலே, அரசன் குற்றத்தைத் தக்கவாறு ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாத வண்ணம், குற்றத்துக்கு ஒத்த அளவிலே தண்டித்தல் வேண்டும் என்னும் கருத்தை வைத்துள்ளார். இதிலே மூன்று அளவுகோல்கள் அடங்கியுள்ளன: ஆராய்தல், மீண்டும் நிகழாமற் செய்தல், ஒத்த அளவாதல். போக்குவரத்துத் தண்டங்களை இம்மூன்று கோல்களாலும் அளந்து பார்ப்போம்.

நமது நாட்டிலே 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இவ்விடயத்துக்கு அடிப்படை. அதன்கீழ் நெடுங்காலமாக வழங்கிவந்த முறையை வண்டி ஓட்டுவோர் நன்கறிவர். சிறு குற்றம் புரிந்தவரிடமிருந்து பொலிஸ் உத்தியோகத்தர் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு, தண்டச் சீட்டு ஒன்றைக் கொடுப்பார். 14 நாட்களுக்குள் தபாற் கந்தோரிலே பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்திற் காட்டி, அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறலாம். தவணை தப்பினால் தொகை இரட்டிக்கும். அதுவுந் தப்பினால் நீதவான் நீதிமன்றம் செல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டில் கைத்தொலைபேசி வழியாகச் செலுத்தும் வசதியும் தொடங்கப்பட்டது.

இம்முறையில் தண்டத்தொகை குற்றத்துக்கேற்ப வகுக்கப்பட்டது. குற்றவாளியின் வருவாய்க்கேற்ப வகுக்கப்படவில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு குற்றத்துக்கு 3,000 ரூபா தண்டம் என வைத்துக்கொள்வோம். செலவு போக நாளொன்றுக்கு 3,000 ரூபா உழைக்கும் முச்சக்கர வண்டிச் சாரதிக்கு அது ஒரு முழு நாளின் உழைப்பு. தபாற் கந்தோருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலைந்து இழக்கும் நேரமும் அவருக்குக் கூலி இழப்பே. நாளொன்றுக்கு 30,000 ரூபா வருவாயுள்ள வர்த்தகருக்கோ அத்தொகை ஒரு நாள் வருவாயிற் பத்திலொரு பங்கு. ஒரே குற்றம், ஒரே சட்டம், ஒரே தொகை. ஆயினும் ஒருவருக்கு அது அடி, மற்றவருக்கு அது தூசு.

"பணக்காரரின் வண்டி மோதினாலும் ஏழையின் வண்டி மோதினாலும் சாவு ஒன்றுதானே? ஆகவே தண்டமும் ஒன்றாக இருப்பதே சமநீதி" என்று சிலர் வாதிப்பர். இவ்வாதம் தண்டத்தை ஒரு விலையாகக் கருதுகிறது. கடையிலே ஒரு இறாத்தல் சீனிக்கு ஏழைக்கொரு விலை, செல்வர்க்கொரு விலை இல்லை, அது சரியே. ஆனால் தண்டம் விலையன்று. பணத்தைக் கொடுத்து வேகமாகச் செல்லும் உரிமையை எவரும் வாங்குவதில்லை. "இதனைச் செய்யாதே" என்று சமுதாயம் கூறும் சொல்லுக்கு வலுவூட்டவே தண்டம் ஏற்பட்டது. அச்சொல் ஒருவர் காதில் இடியாகவும் மற்றொருவர் காதிற் கொசுவின் ஒலியாகவும் விழுமாயின், சட்டம் இருவரையும் சமமாக நடத்தியது என்று சொல்லலாமோ?

தண்டம் விலையாக மாறிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் ஆராய்ச்சி சான்றாகிறது. இசுரேல் நாட்டின் ஹைபா நகரிலுள்ள குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களிலே, மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் பிந்தி வருவது வழக்கமாயிருந்தது. அதனைத் தடுக்கச் சில நிலையங்களில் சிறு தண்டம் விதித்துப் பார்த்தனர். பிந்தி வருவோர் தொகை குறையவில்லை, கூடிற்று! "பணந்தான் கொடுத்துவிட்டோமே" என்று பெற்றோர் அமைதி கொண்டனர்போலும். பின்னர் தண்டத்தை நீக்கியபோதும் பழைய நிலை திரும்பவில்லை. கினீசி, ருஸ்திக்கினி என்னும் பொருளியலறிஞர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்வாராய்ச்சி, அற்பத் தண்டம் குற்றவுணர்வையும் அழித்துவிடக்கூடும் என்பதை உணர்த்துகிறது.

இச்சிக்கலுக்கு வட ஐரோப்பிய நாடுகள் ஒரு வழி கண்டன. தண்டத்தைப் பணத்தால் அளவாது நாட்களால் அளப்பதே அவ்வழி. பின்லாந்து 1921ஆம் ஆண்டிலும், சுவீடன் 1931ஆம் ஆண்டிலும், டென்மார்க் 1939ஆம் ஆண்டிலும் இம்முறையை ஏற்றன. இதனை நாம் 'நாட்தண்டம்' எனலாம்.

பின்லாந்திலே அது இயங்கும் விதம் எளிது. குற்றத்தின் கடுமைக்கேற்ப, 1 முதல் 120 வரையிலான நாட்தண்டங்கள் விதிக்கப்படும். ஒரு நாட்தண்டம் எத்தனை யூரோ என்பது அவரவர் வருவாயைப் பொறுத்தது. வரிகள் போக எஞ்சும் மாத வருவாயிலிருந்து, வயிற்றுப்பாட்டுக்கென 255 யூரோவைக் கழித்து, மீதியை 60ஆல் வகுப்பர். அதாவது, அன்றாடங் கையில் மிஞ்சும் பணத்தில் ஏறக்குறைய அரைப்பங்கே ஒரு நாட்தண்டம். தம்மை நம்பி வாழ்வோர் இருப்பின், ஒவ்வொருவருக்கும் 3 யூரோ வீதம் அதிலிருந்து குறையும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இருவர் ஒரே குற்றத்துக்கு 12 நாட்தண்டம் பெறுகின்றனர். ஒருவரின் மாத வருவாய் 2,055 யூரோ. அவருக்கு ஒரு நாட்தண்டம் 30 யூரோ, மொத்தம் 360 யூரோ. மற்றவரின் வருவாய் 12,255 யூரோ; அவருக்கு ஒரு நாட்தண்டம் 200 யூரோ, மொத்தம் 2,400 யூரோ. தொகைகள் வேறு, உறைப்பு ஒன்று.

வேக எல்லையை மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் மீறியவர்க்கே அந்நாட்டில் நாட்தண்டம் விதிக்கப்படுகிறது. அதற்குட்பட்ட மீறலுக்கு எல்லார்க்கும் நிலையான தொகையே. இம்முறையால் உலகை வியக்கவைத்த தண்டங்களும் உண்டு. நொக்கியா நிறுவனத்தின் உயர் பணிப்பாளர் ஒருவர், ஹெல்சிங்கி நகரிலே 50 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதியில் 75 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியமைக்காக, அவருக்கு 2002ஆம் ஆண்டில் ஏறக்குறைய 116,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. தமது வருவாய் இடைக்காலத்திற் பெரிதும் வீழ்ந்துவிட்டதை அவர் எடுத்துக்காட்டவே, நீதிமன்றம் அதனைப் பெருமளவு குறைத்தது. 2023ஆம் ஆண்டில், ஓலந்து தீவுகளிலே, 50 கிலோமீற்றர் எல்லைக்குள் 82 கிலோமீற்றர் வேகத்திற் சென்ற செல்வர் ஒருவர் 121,000 யூரோ செலுத்த நேர்ந்தது.

பிரித்தானியா நடுவழியைத் தேர்ந்தது. அங்கே சிறு மீறலுக்கு நிலையான தண்டம். வழக்கு நீதிமன்றஞ் சென்றால், இங்கிலாந்திலும் வேல்சிலும், வார வருவாயின் பங்காகத் தண்டம் கணிக்கப்படுகிறது; 2017ஆம் ஆண்டிலிருந்து மிகக் கடுமையான மீறலுக்கு அப்பங்கு வார வருவாயின் ஒன்றரை மடங்காயிற்று. ஆனால் சாதாரண வீதியில் 1,000 பவுண், பெருவேக வீதியில் 2,500 பவுண் என்னும் உச்ச எல்லை உண்டு. பணத்தோடு குற்றப் புள்ளிகளும் அனுமதிப்பத்திரத்திற் பதியப்படும். மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் வண்டியோட்டும் உரிமையே பொதுவாகப் பறிபோகும். இப்புள்ளிகளைச் செல்வர் பணங் கொடுத்து அழிக்க இயலாது.

நாட்தண்டத்தை நாளையே நமது நாட்டிற் கொண்டுவரலாமே என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். அது அத்துணை எளிதன்று. பின்லாந்திலே ஒருவரின் வருவாயை அதிகாரிகள் வரிப் பதிவேட்டிலிருந்து உடனே அறிய முடியும். நம் நாட்டில் நாட்கூலி பெறுவோரும், சிறு வியாபாரஞ் செய்வோரும், சொந்த வண்டி ஓட்டுவோரும் மிகப் பலர். அவர்தம் வருவாய்க்கு எழுத்தில் ஆதாரமில்லை. அந்நிலையில், மாதச் சம்பளக்காரர் மட்டும் முழுக் கணக்குக் காட்டி முழுத் தண்டஞ் செலுத்த, வருவாயை மறைக்கும் செல்வர் தப்பிவிடக்கூடும். வள்ளுவர் முதலில் வைத்த ஆராய்தல் என்னும் கோல் இங்கேதான் வேண்டப்படுகிறது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தண்டத்தின் கடுமையைவிட, அது தப்பாது வரும் என்னும் உறுதியே குற்றத்தைக் குறைக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764ஆம் ஆண்டிலேயே எழுதினார். நூறு முறை மீறி ஒரு முறை மாத்திரம் பிடிபடுபவன், அத்தண்டத்தைத் துரதிட்டம் என்றே எண்ணுவான். தன் குற்றமென்று எண்ணான். மேலும் தொகை பெரிதாகப் பெரிதாக, அதனை வீதியோரத்திலேயே குறைந்த பணத்துக்குத் தீர்த்துக்கொள்ளும் ஆசை இரு பக்கத்திலும் வளரும். ஆகவே நேர்மையான கண்காணிப்பு இன்றித் தொகையை மட்டும் உயர்த்துவது, குற்றத்தைக் குறையாது கையூட்டை வளர்க்கக்கூடும்.

தண்டஞ் செலுத்த முடியாமற் சிறை புகுவோர் நிலையையும் எண்ணவேண்டும். நம் நாட்டிற் சிறைத்தண்டனை அனுபவிக்கச் செல்வோரிற் கணிசமானோர், பல்வேறு வழக்குகளில் விதிக்கப்பட்ட தண்டப்பணத்தைச் செலுத்த இயலாதவர்களே. பணமுள்ளவர்க்குத் தண்டம், இல்லாதவர்க்குச் சிறை என்றாகும்போது, ஒத்த அளவு என்னும் கோல் முறிந்துவிடுகிறது. தவணை முறையிற் செலுத்த இடமளித்தல், மீண்டும் மீண்டும் மீறுவோர்க்குப் பணத்தோடு அனுமதிப்பத்திரத்தையும் தடைசெய்தல், கடுங் குற்றங்களுக்கேனும் நீதவான் வருவாயை விசாரித்துத் தொகையை வகுத்தல் ஆகியன நம் நிலைக்கு ஏற்ற முதற்படிகளாகலாம்.

நேயர்களே, தண்டச் சீட்டிலே எழுதப்படும் தொகை எவ்வளவாயினும், அது வேகத்தின் உண்மையான விலையன்று. அவ்விலையைக் கொடுப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கின்றனர்: மருத்துவமனைக் கட்டிலிலே, உழைப்பாளியை இழந்த வீட்டிலே, பிள்ளை திரும்பிவராத பாடசாலை வாசலிலே. அவர்கள் கொடுத்ததை எந்தத் தபாற் கந்தோரும் பற்றுச்சீட்டெழுதித் திருப்பித் தராது. அந்த விலையை எவருமே கொடுக்க நேராமற் செய்வதற்காகவே தண்டம் இருக்கிறது. அதனைச் சட்டம் செய்வோரும், நடைமுறைப்படுத்துவோரும், வண்டியிலே கையும் காலும் வைத்திருக்கும் நாமும் நினைவிற் கொள்வோமாக.