பொய் ஈயின் வர்ணம்

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து, மஞ்சளாற்றின் மடுவில் எறிந்துவிட்டுத் தக்கை அமிழும் வரை காத்திருப்பது கெங்குவார்பட்டிச் சிறுவர்கள் நன்கறிந்த வித்தை. உண்ணத்தக்க இரை எதுவுமின்றி, இறகையும் நூலையும் முள்ளின்மேல் சுற்றி ‘ஈ’ எனப்படும் ஒரு பொய்ப்பூச்சியைச் சமைத்து, அதைக் கொண்டே மீனை நம்பவைக்கும் மற்றொரு வித்தை, ஐரோப்பிய நாடுகளில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்து ஏறக்குறைய ஒரு சாஸ்திரமாகவே நிலைபெற்றிருக்கிறது. அந்தச் சாஸ்திரத்தில் மிகவும் நுட்பமான பகுதி, எந்த ஈயை எந்த வர்ணத்தில் தேர்ந்தெடுப்பது என்பதாகும். கிரேலிங் என்னும் மீனைக் குறிவைப்பவர்கள் இதைப் பற்றி ஓயாமல் சிந்தித்திருக்கிறார்கள்.

கிரேலிங், சால்மன், டிரவுட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்ந்து தெளிந்த ஆறுகளில் வாழ்வது. பாய்மரத்தை விரித்தாற்போன்ற முதுகுத் துடுப்பை உடையது. அதன் வாய் சற்றே கீழ்நோக்கி அமைந்திருப்பதால், ஆற்றின் அடித்தரையில் இரை தேடுவது அதற்கு எளிது; எனினும், நீர்ப்பரப்பில் பூச்சிகள் மிதந்துவரும் வேளையில் அடியிலிருந்து மேலெழுந்து, ஒன்றைக் கவ்விக்கொண்டு தன் இடத்திற்கே மீண்டுவிடும். ஆகையால், மீன் இப்போது மேலே உண்கிறதா, அடியில் உண்கிறதா என்பதை நிச்சயித்துக்கொண்ட பிறகே வர்ணத்தைப் பற்றிய விசாரம் பொருளுடையதாகும்.

மிதக்கும் ஈயை மீன் கீழிருந்து, வானத்தின் வெளிச்சத்திற்கு எதிரே பார்ப்பதால், அதற்கு முதலில் புலப்படுவது ஈயின் அளவும், நிழலுருவமும், அது நீரில் அமர்ந்திருக்கும் விதமுமே. வர்ணம் அவற்றிற்குப் பின்னரே வருகிறது. நீருக்குள் அமிழ்ந்துசெல்லும் பூச்சியின் மீதோ ஒளி மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் விழுவதால், அங்கே வர்ணம் மெய்யாகவே வேலை செய்கிறது. ஒளியின் நிறங்களுள் சிவப்பையே தெளிந்த நீர் முதலில் விழுங்குகிறது. ஆயினும் முழங்காலளவு ஆழமுள்ள ஓடையில் அந்த இழப்பு அற்பமாதலால், சிவப்பும் இளஞ்சிவப்பும் அங்கே தம் பிரகாசத்தைப் பெரிதும் இழப்பதில்லை.

இதற்குச் சிறந்த உதாரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உஸ்டர்ஷயர் பகுதியில் புகழ்பெற்ற ‘ரெட் டேக்’ என்னும் ஈ. வால்புறத்தில் சிறிது சிவப்புக் கம்பளி, உடலுக்கு மயிற்பீலியின் இழை, கழுத்தில் செம்பழுப்புச் சேவலிறகு ஒரு சுற்று. இவ்வளவே அதன் அமைப்பு. மயிற்பீலியின் பச்சை சாயத்தால் வந்ததன்று. நுண்ணிழைகளுக்குள் கருநிறத் துகள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி பட்டுப் பிறக்கும் வர்ணம் அது. ஆதலால் பார்க்கும் கோணம் மாறுந்தோறும் அதுவும் மாறி, நீரில் புரளும்போது உயிருள்ள பூச்சியின் மினுக்கத்தை நினைப்பூட்டுகிறது.

மற்றொன்று, ஆவன் ஆற்றின் காவலராயிருந்த ஃபிராங்க் சாயர் அமைத்த ‘கில்லர் பக்’. முள்ளின்மேல் செப்புக்கம்பியைச் சுற்றி, அதன்மேல் ஒருவகைக் கம்பளி நூலைச் சுற்றினால் அது முடிந்துவிடுகிறது. உலர்ந்திருக்கையில் மங்கலாகத் தோன்றும் அந்நூல், நனைந்தவுடன் மெல்லிய இளஞ்சிவப்புச் சாயல் பெற்று, ஆற்றடியில் வாழும் சிற்றிறாலை ஒத்துவிடும். அந்த இறால்களிற் சில, ஒட்டுண்ணிப் புழுவொன்று உடலில் புகுந்ததால் செம்மஞ்சள் புள்ளி பெற்று, மறைவிடம் விட்டு வெளியே திரிந்து மீனுக்கு எளிதில் இரையாகின்றன. தூண்டிற்காரர் பொய்யிறாலின் வயிற்றில் ஆரஞ்சுப் பொட்டு வைப்பது, இந்த இயற்கை நாடகத்தை அறிந்தே.

இந்தக் கலைக்கு நம் மலைகள் கொடுத்த விலையும் பெரிது. பழனி மலைக்காடுகளில் கூவும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகுகளில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள், வெள்ளைப் பொட்டுகள் உண்டு. சிறுமீனின் கண்ணை நினைவூட்டும் அவற்றைச் சால்மன் ஈக்களின் பக்கங்களில் கட்டும் வழக்கத்தால், அப்பறவைகள் ஏராளமாக வேட்டையாடப்பட்டன. காட்டுப்பறவை இறகுகளின் ஏற்றுமதி 1902-இல் தடுக்கப்பட்டும் அவ்வேட்டை ஓயவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் அப்பறவைக்கு உறுதியான காவல் கிடைத்தது. இன்று இத்தேவைக்கான இறகு, வெளிநாடுகளில் வளர்க்கப்படும் பறவைகளிடமிருந்து பெறப்படுகிறது.

கிரேலிங் நம் நாட்டு மீன் அன்று. அதன் உறவான டிரவுட் மீனை நீலகிரியில் காணலாம். அவலாஞ்சியில் 1907-இல் அமைந்த குஞ்சு பொரிப்பகம் அதற்கு ஆதாரம். ஆயினும் ஈயைத் தேர்ந்தெடுக்கும் அறிவுக்கு மீன் எங்கிருக்கிறது என்பது முக்கியமன்று. மழைநீர் தெளிந்த நாளில், மஞ்சளாற்றின் மேலோடையில் ஒரு கல்லைப் புரட்டுங்கள்: மூன்று மெல்லிய வால்களோடு கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும் மே-ஈயின் இளம்பூச்சியையும், மணலைக் கோத்துக் கட்டிய சிறு குழாய்க்குள் வாழும் புழுவையும் காணலாம். கல்லின் நிறமே அவற்றின் நிறம். அந்த நிறமே தூண்டிற்காரருக்கு வேண்டிய விடை. பெட்டிக்குள் இருக்கும் நூறு வர்ணங்களுள் எது உகந்தது என்பதை ஓடையே சொல்லிவிடுகிறது. அசுத்தமான நீரில் இப்பூச்சிகள் பல வாழமாட்டா. ஆதலால் அவற்றைத் தேடிக் கண்டவர், தம் ஊர் நீரின் ஆரோக்கியத்தையும் அப்போதே அறிந்துகொள்கிறார். தூண்டில் பிடிக்காத நமக்கும் அது கற்கத்தக்க பாடமே.