பழைய சைக்கிள்... பொருத்தமான கியர்!

தென்காசியில் இருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் தூரம்தான். சாரல் முகத்தில் அடிக்க, அந்த ரோட்டில் சைக்கிள் மிதித்துப் போனால் எவ்வளவு ஜாலி! ஆனால், மலையடிவார ஊர் ஆயிற்றே... மேடு வந்தால் கால் கெஞ்சும். 'கியர் சைக்கிள் இருந்தால் நன்றாக இருக்குமே' என்று தோன்றும். புதுசு வாங்க நிறைய பணம் ஆகும். அதனால், பலர் வீட்டில் பழைய கியர் சைக்கிளைத்தான் தேடுவார்கள்.

இங்கேதான் சிக்கல்! பழைய சைக்கிளில் ஏதாவது ஒரு கியர் பாகம் தேய்ந்திருக்கும். கடைக்குப் போய், "கியர் செட் கொடுங்க அண்ணாச்சி" என்றால், "எத்தனை ஸ்பீடு? ஃப்ரீவீலா, கேசட்டா?" என்று கேட்பார். பதில் தெரியாமல் எதையாவது வாங்கினால் பொருந்தாது. காசு போச்சு! பதிலைக் கண்டுபிடிக்க நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும். வாங்க, சைக்கிளைத் துப்பறியலாம்!

பெயரை நம்பாதீங்க!

ஃப்ரேமில் 'எம்.டி.பி.' என்று ஸ்டிக்கர் இருக்கும். மவுன்டெய்ன் பைக் என்பதன் சுருக்கம் அது. ஆனால், நம் நாட்டில் அந்தப் பெயரோடு வரும் சைக்கிள்களில் பலவற்றுக்குக் கியரே கிடையாது! சைக்கிள் கம்பெனியின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. கியர் பாகங்களைப் பெரும்பாலும் வேறு கம்பெனிகள்தான் செய்து தருகின்றன. ஜப்பானின் ஷிமானோ அவற்றில் ஒன்று. 1921-ல் சகாய் நகரில் தொடங்கிய இந்தக் கம்பெனி முதன்முதலில் செய்த பொருள் என்ன தெரியுமா? சைக்கிள் ஃப்ரீவீல்!

அதோடு, முந்தைய சொந்தக்காரர் எந்தப் பாகத்தையும் மாற்றியிருக்கலாம். சொல்லப்போனால், மவுன்டெய்ன் பைக் பிறந்ததே அப்படித்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டமால்பயஸ் என்று ஒரு மலை இருக்கிறது. 1970-களில் அந்தப் பகுதி இளைஞர்கள், தடித்த டயர் போட்ட அந்தக் காலத்துச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைச்சரிவில் ஓட்டினார்கள். மேடு ஏறுவதற்காக, வேறு சைக்கிள்களின் கியர் பாகங்களை அவற்றில் மாட்டினார்கள். அதில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய மவுன்டெய்ன் பைக்!

துப்பு 1: எண்ணுங்க!

பின் சக்கரத்தின் நடுவில் பல் சக்கரங்கள் அடுக்கடுக்காக இருக்கும். எத்தனை? ஆறா, ஏழா, எட்டா? பெடல் பக்கம் எத்தனை? பெரும்பாலும் மூன்று. மூன்றையும் ஏழையும் பெருக்கினால் 21. '21 ஸ்பீடு' என்பது இதுதான். பின் பாகம் வாங்கும்போது சொல்ல வேண்டியது 21 அல்ல... 7!

அடுத்து பற்களை எண்ணுங்கள். முன்னால் 42 பல், பின்னால் 14 பல் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின் சக்கரம் 3 சுற்று சுற்றும். சமதளத்தில் பறக்கலாம். முன்னாலும் பின்னாலும் 24 பல் என்றால் ஒரே ஒரு சுற்றுதான். வேகம் குறையும், ஆனால், மேட்டில் சுலபமாக ஏறலாம்.

துப்பு 2: ஃப்ரீவீலா, கேசட்டா?

ஹப்பில் மரை மூலம் திருகி மாட்டுவது ஃப்ரீவீல். ஹப்பின் மேல் உள்ள வரிகளில் செருகி, வளையம் போட்டு முறுக்குவது கேசட். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று மாட்டாது. எப்படிக் கண்டுபிடிப்பது? பல் சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கழற்றும் டூலை மாட்டுவதற்காக நடுவில் வெட்டுகள் இருக்கும். அந்த இடமும் கூடவே சுற்றினால் கேசட். சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீல். செயினுக்குள் விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

துப்பு 3: படியுங்க!

செயினை ஒரு பல் சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கைதான் டிரெய்லியர். பின் டிரெய்லியரைத் துணியால் துடைத்து, அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். சின்ன எழுத்தில் மாடல் நம்பர் இருக்கும். ஷிமானோ என்றால் 'ஆர்.டி.' என்று தொடங்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். அது ஃப்ரேமில் உள்ள துளையில் நேராகத் திருகப்பட்டிருக்கிறதா, சக்கர அச்சோடு சேர்த்து ஒரு கொக்கித் தகட்டில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். புதுசும் அதே வகையாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு டிரெய்லியரும் இத்தனை பல் வரைதான் தாங்கும் என்று ஒரு எல்லை உண்டு. 28 பல் வரை தாங்குவதோடு 34 பல் சக்கரத்தை மாட்டினால் சரியாக வேலை செய்யாது.

துப்பு 4: கிளிக்... கிளிக்...

கை லீவரைத் தள்ளினால் 'கிளிக்' சத்தம் கேட்கிறதா? ஒவ்வொரு கிளிக்கும் கேபிளைக் குறிப்பிட்ட அளவு மட்டுமே இழுக்கும். 7 ஸ்பீடில் ஒரு பல் சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 5 மில்லிமீட்டர். 8 ஸ்பீடில் 4.8. இந்தச் சின்ன வித்தியாசமே செயினைத் தடுமாற வைக்கும். அதனால், பின்னால் ஏழு என்றால் லீவரும் ஏழு! லீவரும் டிரெய்லியரும் ஒரே கம்பெனியாக இருப்பது நல்லது. கேபிளை இழுக்கும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம்.

செயின் விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. 6, 7, 8 ஸ்பீடு மூன்றுக்கும் ஒரே வகை செயின் போதும். 9, 10 ஸ்பீடு செயின்கள் அதைவிட ஒல்லி. கியர் இல்லாத சைக்கிளின் செயின் அகலமானது, அது வேண்டாம்.

ஸ்கேல் எடுங்க!

செயின் தேய்ந்ததா என்று நீங்களே பார்க்கலாம். புதுச் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். அப்படியானால் 24 கண்ணிக்கு 12 அங்குலம். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்ஜியத்தை வையுங்கள். 24-வது கண்ணியின் பின், 12 அங்குலக் கோட்டைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 அங்குலம் போயிருந்தால், பின் பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லது. செயினை மட்டும் மாற்றினால், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும்!

வாங்கும் முன்...

* பழைய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல சைக்கிள்களில் பெடல் அச்சுக்கு அடியில் ஃப்ரேம் நம்பர் குத்தியிருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் அந்த சைக்கிளே வேண்டாம்!

* பின்னால் நின்று பாருங்கள். டிரெய்லியர் நேராகத் தொங்க வேண்டும். உள்பக்கம் வளைந்திருந்தால் ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கி, ஓடும்போதே சக்கரம் நின்றுவிடும். ஆபத்து!

* கடைக்குப் போகும்போது பழைய பாகத்தையும், நீங்கள் எழுதிய குறிப்பையும் எடுத்துப் போங்கள். மாட்டும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சாரலில் நனைந்தால் செயினில் துரு ஏறும். வீடு வந்ததும் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஈரத்தில் ரிம் பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கும். அதனால், இறக்கத்தில் முன்கூட்டியே பிரேக்கை அழுத்துங்கள். மேடு ஏற கியர் முக்கியம்... பத்திரமாக இறங்க பிரேக் அதைவிட முக்கியம். சரிதானே குட்டீஸ்?