தீவுக் கிணறு

வெள்ளாற்றங்கரைப் பெண்ணாடத்தில் பிறந்தவன் நான். கோடையில் கிணறு வற்றினால் மேலும் ஆழப்படுத்துவது எங்கள் ஊர் வழக்கம். பாம்பன் தீவில் குடியேறிய முதற் கோடையிலும் அவ்வாறே ஆள் வைத்துத் தோண்டினேன். சில நாளில் காப்பி உப்புக் கரித்தது. அண்டை வீட்டு மூதாட்டி, "தம்பி, இங்கே நல்ல தண்ணி மேலே, கடல் கீழே" என்றார்.

காரணம் எளிது. மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரினும் இலேசானது. ஆதலால் அதன்மீது மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீரே இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், நாளடைவில் உப்பு 40 அடி எழும்பிவிடும். தனுஷ்கோடிப் பெண்கள் மணலை ஆழமின்றி அகழ்ந்து, ஊறும் நீரை மெல்ல மொண்டு குடம் நிரப்புவதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

1914-இல் இரயில் பாலமும் 1988-இல் சாலைப் பாலமும் தீவை நிலத்தோடு இணைத்தன; கிணறு மட்டும் தீவின் கிணறாகவே இருக்கிறது. தோண்டிய பள்ளத்தை மணலால் தூர்த்தேன். நீர் மீண்டும் இனிக்க ஒரு மழைக்காலம் கழிய வேண்டியிருந்தது. இப்போது விடியலில் இரண்டு குடம் மொண்டதும் வாளியை மாட்டிவிடுகிறேன். மறுபடி ஊறும் வரை காத்திருக்கிறேன்.