யாரைப் பார்த்துச் சிரித்தோம்? – வளர்ச்சி, வறட்சி, கட்டியங்காரன்

1

2016-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போனதற்கு அடுத்த கோடை. 2017 ஏப்ரல் 21 அன்று வைகை அணையில், நீர் ஆவியாவதைத் தடுக்கிறோம் என்று தெர்மகோல் அட்டைகளை ஒட்டி மிதக்கவிட்டார் அன்றைய கூட்டுறவுத்துறை அமைச்சர். விட்ட கொஞ்ச நேரத்திலேயே காற்றடித்து அட்டைகள் கரை ஒதுங்கிவிட்டன. தமிழ்நாடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதே நாட்களில் தில்லி ஜந்தர் மந்தரில் தமிழ்நாட்டு விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். மார்ச் 14-இல் தொடங்கி 41 நாட்கள். கடன் தாங்காமல் செத்துப்போன விவசாயிகளுடையவை என்று மண்டையோடுகளை ஏந்தினார்கள். உயிருள்ள எலிகளை வாயில் கவ்வினார்கள். பாதித் தலையும் பாதி மீசையும் மழித்துக்கொண்டார்கள். சேலை கட்டிக்கொண்டார்கள். வெறுந்தரையில் சோற்றைக் கொட்டித் தின்றார்கள். வைகையில் தெர்மகோல் மிதந்த மறுநாள் மூத்திரம் குடித்தார்கள். இதைப் பார்த்து யாருக்கும் அப்படிச் சிரிப்பு வரவில்லை. ‘நாடகம் போடுறாங்க’ என்றார்கள் சிலர்.

ஒரே வறட்சி, ஒரே வாரத்தில் இரண்டு காட்சிகள். ஒன்றில் அதிகாரம் தன்னை அறியாமல் கோமாளியானது. மற்றொன்றில் அதிகாரமற்றவர்கள் அறிந்தே கோமாளி வேஷம் கட்டினார்கள். முதலாவதற்குச் சிரித்த நாம் இரண்டாவதன் முன் ஏன் நெளிந்தோம்? சூழல் நெருக்கடி பற்றி எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கடந்துதான் ‘மாற்று’ என்ற சொல்லுக்கு வந்து சேர முடியும் என்று தோன்றுகிறது.

2

தெர்மகோல் சிரிப்பு பெரும்பாலும் படித்தவர்களின் சிரிப்பு. ‘அறிவியல் தெரியாத மந்திரி’ என்பதுதான் அதன் சாரம். அப்படியானால் அறிவியல் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

2015 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தன் நீர்த்தேக்கமொன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்பு பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி முடித்தது. செலவு சுமார் 3 கோடியே 45 லட்சம் டாலர். வெயில் பட்டு நீரில் வேதிமாற்றம் நிகழாமல் காப்பது முதல் நோக்கம்; ஆவியாதலைக் குறைப்பதும் அதோடு சேர்ந்த பலன். பந்துகள் கரை ஒதுங்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு கணக்கைப் போட்டது. அந்தப் பந்துகளுக்கான பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்யவே தண்ணீர் வேண்டும். பந்துகளின் கனத்தைப் பொறுத்து, அந்தத் தண்ணீரை மிச்சம் பிடித்து ஈடுகட்டவே இரண்டரை ஆண்டுகள் வரை ஆகலாம் என்றது. ஓரிடத்தில் தண்ணீரைக் காக்க வேறோரிடத்தில் தண்ணீர் செலவாகிறது. பந்து விழுந்த இடத்தில் கேமரா இருந்தது. பிளாஸ்டிக் பிறந்த இடத்தில் இல்லை.

நகைச்சுவை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஏன் தண்ணீர் வற்றுகிறது என்று கேட்க வேண்டாம், மேலே எதையாவது போட்டு மூடு. ஒன்று சொதப்பல், மற்றொன்று வெற்றி. நாம் சொதப்பலைப் பார்த்து மட்டுமே சிரித்தோம். ‘இன்னும் கொஞ்சம் திறமையாக மூடியிருக்கலாம்’ என்பதுதான் அந்தச் சிரிப்பு ஒளித்துவைத்திருந்த அரசியல். வளர்ச்சி என்னும் பெருங்கதையாடலுக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை.

3

அந்தக் கதையாடலுக்குள்ளேயே பெரிய நகைச்சுவை ஒன்று உண்டு. அம்பலப்புழைக் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. முனிவர் வேஷத்தில் வந்த கிருஷ்ணன் ராஜாவோடு சதுரங்கம் ஆடுகிறான். ஜெயித்தால் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு. ‘இவ்வளவுதானா?’ என்று சிரிக்கிறான் ராஜா. அறுபத்து நான்காம் கட்டம்வரை கூட்டினால் 1,84,46,74,40,73,70,95,51,615 நெல்மணிகள். உலகத்துக் களஞ்சியம் எல்லாம் சேர்ந்தாலும் காணாது.

ஆண்டுக்கு 7 சதவீத வளர்ச்சி என்று நிதியமைச்சர்கள் சொல்லும்போது அந்த ராஜாவின் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. 7 சதவீதம் என்றால் பத்தாண்டில் இரட்டிப்பு. நூறாண்டில் சுமார் 868 மடங்கு. அத்தனைக்கும் மண், தண்ணீர், நிலக்கரி எங்கிருந்து வரும்? திறமை கூடினால் பொருள் குறைவாகத்தானே செலவாகும் என்பார்கள். 1865-இலேயே ஜெவன்ஸ் இங்கிலாந்தின் நிலக்கரியை வைத்து இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். நீராவி எந்திரம் சிக்கனமாக ஆக ஆக, நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்தது.

இன்னொன்று, இந்த வளர்ச்சி எதை எண்ணுகிறது? ஊர்க் கிணற்றில் சும்மா குடித்த தண்ணீர் கணக்கில் வராது. கிணறு கெட்டு, கேன் தண்ணி வாங்கினால் கணக்கில் ஏறும். வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் இன்னும் ஏறும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த செலவும் வரவாகவே நிற்கும். தேச வருமானக் கணக்கை அமெரிக்காவில் வகுத்த குஸ்னெட்ஸ், இதைக் கொண்டு மக்கள் நலனை அளக்க முடியாதென்று 1934-இலேயே எச்சரித்தார். கேட்பார் யார்?

4

பக்தின் ரபேலே பற்றிய நூலில் இருவகைச் சிரிப்பைப் பிரிக்கிறார். ஒன்று, சிரிப்பவன் தன்னை வெளியே நிறுத்திக்கொண்டு பிறரைப் பார்த்துச் சிரிப்பது. மற்றது, திருவிழாச் சிரிப்பு; சிரிப்பவனும் அதற்குள் அகப்பட்டவன். அங்கே உடம்பு முன்னால் வரும்: வாய், வயிறு, மலம், மூத்திரம், சாவு.

நமக்கு இதற்குப் பக்தின்வரை போக வேண்டியதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா வருகிறார் என்று அறிவிப்பவனும் அவன்தான். ராஜாவை ‘நீ யாரு, எந்த ஊரு?’ என்று கேட்டுச் சந்தி சிரிக்க வைப்பவனும் அவன்தான். அரசவைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நிற்பதால் அவனுக்கு வெளி என்று ஓர் இடமில்லை.

ஜந்தர் மந்தரில் நடந்தது நாடகம் என்றார்களே, ஆமாம், நாடகம்தான். சோறு போடுகிறவன் எலியைக் கவ்வுகிறான். வயலுக்குத் தண்ணீர் கேட்டவன் தன் மூத்திரத்தைக் குடிக்கிறான். நாட்டின் வளர்ச்சி விகிதம் எந்த உடம்பை விழுங்கி நிற்கிறதோ அந்த உடம்பையே மேடையாக்கினார்கள். நாம் நெளிந்ததற்குக் காரணம், இதில் வெளியே நின்று சிரிக்க இடம் இல்லை. தட்டில் சோறு இருக்கிற எல்லோரும் அந்தக் காட்சிக்குள் இருக்கிறோம்.

அவர்களது கோரிக்கைகள் புரட்சிகரமானவை அல்ல. கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம். போராட்டத்தை நடத்திய சங்கத்தின் பெயரிலேயே நதிகள் இணைப்பு இருந்தது. அதுவும் மாபெரும் வளர்ச்சித் திட்டம்தான். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவம் கோரிக்கைகளைத் தாண்டிப் பேசிவிட்டது. மனு கேட்டது நிவாரணம். எலி கேட்டது, ‘இந்த வளர்ச்சி யாருடையது?’

5

அம்பலப்புழைக் கதையின் முடிவை நாம் சரியாகக் கவனிப்பதில்லை. ராஜாவால் கடனை அடைக்க முடியவில்லை. கிருஷ்ணன் சொல்கிறான்: ஒரேயடியாக வேண்டாம், கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தினமும் பால்பாயசம் கொடு. எண்ணில் அடங்காத கடன் பங்கிட்டுக் குடிக்கும் பாயசமாக மாறுகிறது. முடிவற்ற பெருக்கத்துக்கு விடை இன்னொரு பெருக்கம் அல்ல, பகிர்வு. அழகான மாற்று.

ஆனால் கட்டியங்காரன் இங்கேயும் குறுக்கே வந்து கேட்பான்: ‘வருகிறவர் என்றால் யாரு?’ திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் போக 1936-ஆம் ஆண்டுப் பிரகடனம் வரவேண்டியிருந்தது. அதுவரை அவர்களுக்குப் பாயசத்தின் வாசனைகூடக் கிடையாது.

மாற்று என்று நாம் முன்வைப்பவை எல்லாவற்றையும் இந்தக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். தமிழ்நாட்டின் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகள், கண்மாய்கள் பற்றியும் குடிமராமத்து பற்றியும் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் மடை திறந்து, இரவெல்லாம் வாய்க்கால் காத்த நீர்க்கட்டி பல ஊர்களில் தலித். அவன் பாய்ச்சிய நிலம் அவனுடையதல்ல. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் எழுதி 1945-இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’, இயற்கையைத் தீர்த்துவிடாத வாழ்க்கையை விளக்கும் முன்னோடி நூல். அதை 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி வைத்த விமர்சனத்தோடு சேர்த்துத்தான் இன்று படிக்க முடியும். ஒன்றை விட்டு ஒன்றைப் படித்தால் ஒன்று பழம்பெருமை, மற்றொன்று நகர மோகம் என்று முடிந்துவிடும்.

பந்தியில் உட்கார்ந்தவன்தான் ‘போதும்’ என்று சொல்லி இலையை மூட முடியும். உலகத்திலேயே வளர்ச்சிக் கணக்குக்குத் தெரியாத ஒரே சொல் இந்தப் ‘போதும்’. அதை யார் யாரிடம் சொல்வது என்பதில்தான் அரசியல் இருக்கிறது. பந்திக்கே அழைக்கப்படாதவனிடம் போய் ‘நுகர்வைக் குறை’ என்று உபதேசிக்கும் சூழலியல், தெர்மகோலை விடப் பெரிய நகைச்சுவை. அவனுக்கு இலை போடுவதும் தின்று கொழுத்தவனை எழுப்புவதும் ஒரே வேலை.

தெர்மகோல் ஜோக்கைக் கூட்டங்களில் இன்னும் சொல்லுவோம், வேண்டாமென்று சொல்லவில்லை. சொல்லும்போது மேசைமேல் இருக்கும் தண்ணி பாட்டிலையும் கொஞ்சம் பார்த்துக்கொண்டு சொல்லுவோம். அது எந்த ஊர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்தது, அந்த ஊர்க்காரர்கள் இப்போது எங்கே குடிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், சிரிப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.