உங்களுக்குத் தெரியுமா? சுவரில் பூசிய சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது!

அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும், பழைய வீட்டு உள்சுவரின் பூச்சும் வேதியியலில் ஒன்றே. கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சியதை நீர்விட்டு நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகும். ஆகவே பழைய சுவரின் சொரசொரப்பைப் போக்க அதே சுண்ணாம்புதான் ஏற்றது. 1636இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலின் வழவழப்பே இதற்குச் சான்று: கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது அது.

சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடும். மழை குறைந்த கரிசல் சீமையில் சுவர் எதற்கு மூச்சுவிட வேண்டும் என்று கேட்கலாம். ஈரம் வானத்திலிருந்து மட்டுமா வருகிறது? தரையடி நீர் உப்பையும் சுமந்துகொண்டு சுவரில் ஏறும். சுண்ணாம்பின் நுண்துளை வழியே அந்த நீர் ஆவியாகிவிடும், வெளியே பூக்கும் உப்பைத் துடைத்துவிடலாம். மேலே எமல்ஷன் பெயிண்டால் அடைத்தாலோ, உப்பு உள்ளேயே படிகமாகிப் பூச்சைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். சுண்ணாம்பு வேலைக்கு நாள் பிடிக்கும், பழகிய கொத்தனாரும் அரிது என்பது உண்மைதான். சிமெண்டுச் சுவருக்குச் சீக்கிரம் முடிகிற பட்டி பார்ப்பதே போதும்; தாத்தா காலத்துச் செங்கல் சுவருக்கு மட்டும் அந்த அவசரம் வேண்டாம்.