ஓசூர் எல்லையும் இணையத் தணிக்கையின் எல்லைகளும்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. தொலைத்தொடர்பு உரிமமும் இவ்விடத்தில் இரு வட்டங்களாகப் பிரிகிறது. ஆனால் வானலைக்கு மாநில எல்லை கிடையாது. சிப்காட் வளாகத்திற்கு வரும் தொழிலாளியின் கைப்பேசி எல்லையோரத்தில் அண்டை மாநிலக் கோபுரத்தோடு இணைவது இயல்பே. இணையத் தணிக்கை எந்த எல்லையைப் பின்பற்றுகிறது என்னும் வினா இங்கு எழுகிறது.

தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், 2018 மே 23 அன்று, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை நிறுத்தத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஆணையில் இருப்பது மாவட்ட எல்லை; அதைச் செயற்படுத்துவதோ கோபுரங்கள். அத்தகைய ஆணை ஓசூருக்குப் பிறப்பிக்கப்பட்டால், எல்லைத் தெருவில் ஒரு கைப்பேசி இயங்க, மற்றொன்று முடங்கக்கூடும்.

தளத்தடையின் இயல்பு வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்படியோ நீதிமன்ற ஆணைப்படியோ விதிக்கப்படும் தடையை நிறைவேற்றுவோர் சேவை வழங்குநர்களே. ‘3’ திரைப்படத்தின் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் 2012இல் வழங்கிய இடைக்காலத் தடையைக் காட்டி, வழங்குநர்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடினர். குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என நீதிமன்றம் பின்னர்த் தெளிவுபடுத்தியது. ஆகவே இவ்வகைத் தடையில் எல்லையைத் தாண்டுவதைவிடச் சிம் அட்டையை மாற்றுவதே வேறுபாட்டைக் காட்டும்.

இனித் தனியுரிமை. தளப்பெயரை எண்முகவரியாக மாற்றும் இடத்தில் பொய் விடை தருவது எளிய தடைமுறை. வேறொரு பெயர்வழங்கியைப் பயன்படுத்தி அதைத் தாண்டலாம். மறைக்குறியாக்கம் பரவியபின், இணைப்பின் தொடக்கச் செய்தியில் வெளிப்படையாகச் செல்லும் தளப்பெயரைப் படித்துத் துண்டிக்கும் முறையும் வந்தது. இந்திய வழங்குநர் ஒருவர் அதைக் கையாள்வதை 2020இல் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்தது. முழு முடக்கம் எவரையும் உற்றுநோக்குவதில்லை. இம்முறையோ ஒரு தளத்தைத் தடுக்க, அதை நாடாதவர்களின் இணைப்புகளையும் படிக்கிறது. அவ்வகையில் இது தணிக்கை மட்டுமன்று, கண்காணிப்பும் ஆகும். 2009ஆம் ஆண்டுத் தடை விதிகளில் 16ஆம் விதி ஆணை தொடர்பான செய்திகளுக்கு மறைவு தருகிறது. பயனருக்கு அம்மறைவு இல்லை.

மெய்நிகர்த் தனிப்பிணையம் இதற்கு மாற்றாகச் சொல்லப்படுகிறது. அதன் வழங்குநர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டுகளேனும் பேண வேண்டும் என்பது செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை. நிறுவனங்கள் தம் ஊழியர்க்கென நடத்தும் பிணையங்களுக்கு அதில் விலக்கு உண்டு. தொழிற்சாலைப் பிணையத்தில் பணிபுரியும் பொறியாளருக்கு இப்பதிவு இல்லை. சந்தா செலுத்திச் சேரும் தொழிலாளிக்கு உண்டு.