புரோலாக்டின் சுரக்கும் நுண்கட்டி

புரோலாக்டின் சுரக்கும் நுண்கட்டி என்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள கபச் சுரப்பியில் (பிட்யூட்டரி சுரப்பி) தோன்றி, புரோலாக்டின் என்னும் இயக்குநீரை அளவுக்கு மீறிச் சுரக்கும், 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டமுடைய கட்டி ஆகும். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை பெருங்கட்டிகள் எனப்படுகின்றன. இயக்குநீர் சுரக்கும் கபச் சுரப்பிக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுபவை புரோலாக்டின் சுரப்பனவே. நுண்கட்டிகள் புற்றுநோய் அல்ல. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களிடம் இவை அதிகம் கண்டறியப்படுகின்றன.

கபச் சுரப்பியில் தோன்றும் பிற சுரக்கும் கட்டிகளுக்குப் பொதுவாக அறுவையே முதல் மருத்துவம் ஆகும். இக்கட்டிக்கு மட்டும் பல பத்தாண்டுகளாக மாத்திரையே முதல் தெரிவாக இருந்து வந்துள்ளது. அண்மைக் காலத்தில் சிறு கட்டிகளுக்கு அறுவையும் மருந்துக்கு இணையான தெரிவாகக் கருதப்படத் தொடங்கியுள்ளது.

சுரப்பும் கட்டுப்பாடும்

புரோலாக்டினின் முதன்மைப் பணி குழந்தை பெற்ற தாயிடம் பால் சுரக்கச் செய்வதாகும். கபச் சுரப்பியின் மற்ற இயக்குநீர்கள் ஹைப்போதலாமசு அனுப்பும் தூண்டல்களால் சுரக்கின்றன. புரோலாக்டினோ பெரும்பாலும் தடையால் கட்டுப்படுத்தப்படுகின்றது. ஹைப்போதலாமசிலிருந்து இடைவிடாது வரும் டோபமைன் என்னும் வேதிப்பொருளே அத்தடை. கட்டியின் உயிரணுக்களிலும் டோபமைன் ஏற்பிகள் இருப்பதால், டோபமைனைப் போலச் செயற்படும் மருந்துகள் சுரப்பைக் குறைப்பதுடன் கட்டியையும் சுருக்குகின்றன.

அறிகுறிகள்

மிகையான புரோலாக்டின், இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் இயக்குநீர்களை அடக்கிவிடுகின்றது. இதனால் பெண்களிடம் மாதவிடாய் தவறுதல் அல்லது நின்றுபோதல், கருத்தரிக்க இயலாமை, மகப்பேறு இன்றியே மார்பில் பால் கசிதல் ஆகியன தோன்றும். ஆண்களிடம் பாலுணர்வுக் குறைவும் விறைப்புக் குறைபாடும் ஏற்படும். பாலின இயக்குநீர்கள் நெடுநாள் குறைந்திருந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும். பார்வைக் குறைவு பெருங்கட்டிகள் பார்வை நரம்புக் குறுக்கீட்டை அழுத்துவதால் வருவதாகும். நுண்கட்டிகளில் இது காணப்படுவதில்லை.

நோயறிதல்

இரத்தத்தில் புரோலாக்டின் அளவும், எம். ஆர். ஐ. படிமமும் நோயறிதலுக்கு அடிப்படையாகும். எனினும் புரோலாக்டின் உயர்வு அனைத்தும் கட்டியால் விளைவதன்று. கருவுற்ற நிலை, பாலூட்டல், தைராய்டுக் குறைபாடு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றாலும் அது உயரும். வாந்திக்குத் தரப்படும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்குத் தரப்படும் ரிசுபெரிடோன் போன்ற மருந்துகளும் அதனை உயர்த்தும். மறுபுறம், எத்தொல்லையும் தராத, எதையும் மிகையாகச் சுரக்காத நுண்கட்டிகள் நலமுள்ளவர்களின் படிமங்களிலும் தற்செயலாகக் காணப்படுவதுண்டு. எனவே இரத்த ஆய்வில் உயர்வும் படிமத்தில் புள்ளியும் ஒருங்கே தெரிந்தாலும், ஒன்று மற்றதற்குக் காரணம் என உடனே முடிவு செய்தல் ஆகாது. பிற காரணங்களை நீக்காமல் செய்யப்படும் அறுவை, நோயில்லாத சுரப்பியைச் சிதைப்பதில் முடியக்கூடும்.

மருந்து

புரோமோகிரிப்டின், கேபர்கோலின் ஆகிய இரண்டும் பெரிதும் பயன்படுத்தப்படும் மருந்துகளாகும். முன்னது நாள்தோறும் உட்கொள்ளப்படுவது. பின்னது உடலில் நெடுநேரம் தங்குவதால் வாரத்திற்கு ஓரிரு முறை போதுமானது. 1994 இல் வெளியான ஓர் ஆய்வில், புரோலாக்டின் மிகையால் மாதவிடாய் நின்ற 459 பெண்களிடம் இவ்விரண்டும் ஒப்பிடப்பட்டன. கேபர்கோலின் பெற்றவர்களுள் 83 விழுக்காட்டினருக்கும், புரோமோகிரிப்டின் பெற்றவர்களுள் 59 விழுக்காட்டினருக்கும் புரோலாக்டின் இயல்பு நிலைக்குத் திரும்பியது. ஒவ்வாமல் மருந்தை நிறுத்தியவர்கள் முறையே 3 விழுக்காட்டினரும் 12 விழுக்காட்டினரும் ஆவர்.

குமட்டல், எழும்போது தலைசுற்றல், மலச்சிக்கல், மூக்கடைப்பு ஆகியன பொதுவான பக்கவிளைவுகள். உணவுடனோ உறங்கும் முன்னரோ சிறு அளவில் தொடங்கினால் இவை குறையும். சிலரிடம் அடக்க முடியாத சூதாட்ட நாட்டம், மிகையான பாலுணர்வு, வரம்பின்றிப் பொருள் வாங்கல் போன்ற நடத்தை மாற்றங்கள் தோன்றுவதுண்டு. நோயாளி இவற்றை மருந்துடன் தொடர்புபடுத்தாமல் மறைத்துவிடக்கூடும் என்பதால், மருந்தைத் தொடங்கும்போதே அவருக்கும் குடும்பத்தாருக்கும் எச்சரிக்கை தரப்பட வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கு நாள்தோறும் பெரும் அளவில் கேபர்கோலின் பெற்றோரிடம் இதய அடைப்பிதழ்ப் பாதிப்பு ஏற்பட்டதை 2007 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. நுண்கட்டிக்குத் தரப்படும் அளவு அதனிலும் மிகக் குறைவு என்பதால் இவ்வாபத்து சிறிதே எனக் கருதப்படுகின்றது.

மருந்தின் பெருங்குறை அதன் கால நீட்சி ஆகும். குறைந்தது இரண்டு ஆண்டுகள் புரோலாக்டின் இயல்பாக இருந்து, படிமத்திலும் கட்டி மறைந்திருந்தால் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம். ஆயினும் 2010 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நிறுத்திய பின்னரும் இயல்பு நிலை நீடித்தது நுண்கட்டி உடையோருள் ஏறத்தாழ 21 விழுக்காட்டினரிடமே எனத் தெரிந்தது. நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டோரிடம் இவ்வளவு கூடுதலாக இருக்கலாம்.

அறுவை

மூக்கின் வழியே ஆப்பெலும்புக் குழியைக் கடந்து கபச் சுரப்பியை அடையும் முறையே இன்று கையாளப்படுகின்றது. மண்டையோட்டைத் திறக்க வேண்டியதில்லை. நுண்நோக்கியோ அகநோக்கியோ இதற்குப் பயன்படுகின்றது. கட்டி சிறியதாகவும், பக்கவாட்டில் உள்ள குருதிக் குடாவினுள் ஊடுருவாமலும் இருந்தால், தேர்ந்த அறுவையாளரின் கையில் பெரும்பாலானோர் மருந்தின்றியே இயல்பு நிலையை அடைகின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளில் நோய் மீள்வதுண்டு.

மூளைத் தண்டுவட நீர் கசிதல், மூளையுறை அழற்சி, சிறுநீர் மிகையாகக் கழிதல், சுரப்பியின் பிற இயக்குநீர்கள் குறைந்துபோதல் ஆகியன அறுவையின் ஆபத்துகள். நுண்கட்டிகளில் இவை குறைவே. எனினும் இறுதியாகக் கூறிய குறைபாடு நிலைத்துவிட்டால், ஒரு மாத்திரையைத் தவிர்க்க அறுவை செய்துகொண்டவர் வாழ்நாள் முழுதும் வேறு மாத்திரைகளை உட்கொள்ள நேரும். ஆண்டுதோறும் இவ்வறுவையைப் பலமுறை செய்யும் மையங்களில் விளைவுகள் சிறப்பாக உள்ளன. ஆகவே அறுவையின் பயன், அதனைச் செய்பவரின் பட்டறிவைப் பொறுத்தே அமைகின்றது.

தெரிவு

2011 இல் அமெரிக்காவின் அகச்சுரப்பியியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலில் மருந்தே முதன்மையாகப் பரிந்துரைக்கப்பட்டது. 2023 இல் வெளியான பன்னாட்டுக் கபச் சுரப்பியியல் கழகத்தின் ஒருமித்த அறிக்கை, நுண்கட்டிகளுக்கும் நன்கு வரையறுத்த எல்லையுடைய பெருங்கட்டிகளுக்கும் அறுவையையும் மருந்தையும் முதல்நிலைத் தெரிவுகளாகச் சேர்த்தே நோயாளியுடன் கலந்தாய வேண்டும் என்றது.

மருந்தைத் தாங்க இயலாதவர், மருந்துக்கு இணங்காத கட்டி உடையவர், நெடுங்கால மருந்தை விரும்பாத இளையோர், இம்மருந்துகளால் தீவிரமடையக்கூடிய மனநோய் உடையவர் ஆகியோருக்கு அறுவை பொருத்தமாகலாம். படிமத்தில் கட்டி தெளிவாகத் தெரியாதவர், பக்கவாட்டில் ஊடுருவிய கட்டி உடையவர், தேர்ந்த மையத்தை அணுக இயலாதவர் ஆகியோருக்கு மருந்தே ஏற்றது.

மூன்றாவது வழியும் உண்டு. மருத்துவம் செய்யப்படாத நுண்கட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை பல ஆண்டுகளிலும் பெரிதாவதில்லை. ஆகவே மாதவிடாய் இயல்பாக உள்ளவர்களையும், மாதவிடாய் முற்றாக நின்ற வயதினரையும், தொல்லை ஏதும் இல்லையெனில், குறித்த இடைவெளியில் ஆய்ந்து கண்காணித்தலே போதுமானது.

கருத்தரிப்பு

மருந்து தொடங்கியபின் முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னரே கருத்தரிக்கக்கூடும். குழந்தையை இப்போது விரும்பாதவர் தொடக்கத்திலேயே கருத்தடை முறையைக் கையாள வேண்டும். கருவுற்றது உறுதியானதும் பொதுவாக மருந்து நிறுத்தப்படும். பேறுகாலத்தில் நுண்கட்டி வளர்ந்து தொல்லை தருவது அரிது. தலைவலி மிகுந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

பிற சுரக்கும் கட்டிகள்

வளர்ச்சி இயக்குநீரை மிகையாகச் சுரந்து முனைப்பருமன் நோயை உண்டாக்கும் கட்டிகளுக்கும், குசிங்கு நோயை உண்டாக்கும் கட்டிகளுக்கும், அளவில் சிறியவையாயினும், அறுவையே முதல் தெரிவு. அவற்றுக்கான மருந்துகள் பெரும்பாலும் அறுவை பயனளிக்காதபோது தரப்படுகின்றன.

வரலாறு

1907 இல் ஆசுத்திரியாவின் இன்சுபுருக்கு நகரில் எர்மன் சுலோஃபர் மூக்கு வழியே கபச் சுரப்பிக் கட்டியை முதன்முதலாக அகற்றினார். அமெரிக்கரான ஆர்வி குசிங்கு இம்முறையைப் பரப்பினாலும் பின்னர் கைவிட்டார். 1960களில் கனடாவின் மொன்றியால் நகரில் சூல் ஆர்டி அறுவை நுண்நோக்கியைப் பயன்படுத்தி, இயல்பான சுரப்பியை விட்டு நுண்கட்டியை மட்டும் அகற்றலாம் எனக் காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சாண்டோசு நிறுவனத்தில் புரோமோகிரிப்டின் உருவாக்கப்பட்டது. 1970களில் அது நடைமுறைக்கு வந்தபின் அறுவையின் தேவை வெகுவாகக் குறைந்தது. 1996 இல் கேபர்கோலினுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இவற்றையும் பார்க்க

கபச் சுரப்பி
இயக்குநீர்
டோபமைன்
முனைப்பருமன்